தனித்தாய்க் குடும்பங்களின் உயர்கல்வியும் கட்சிக் கிளைகளின் கடமையும்



2025 நவம்பர் 1 அன்று கேரளம் அதிதீவிர வறுமையற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய பணியில் கண்டறியப்பட்ட 64,006 குடும்பங்களின் நிலை, உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் ஆகிய நான்கு அளவுகோல்களால் மதிப்பிடப்பட்டது. குடும்பத்திற்கொரு திட்டம் என்ற முறையில் செயல்பட்ட இச்சாதனை பெருமைக்குரியது. அதே வேளையில் அடுத்த கேள்வியும் எழுகிறது. மேலேறிய குடும்பம் மீண்டும் சரியாமல் நிற்க எது துணை? ஒரே ஒருவரின் கூலியில் வாழும் குடும்பத்தில் அந்த ஒருவர் நோயுற்றால் உணவும் உறைவிடமும் ஒருங்கே ஆட்டம் காண்கின்றன. கணவரை இழந்தோ, கைவிடப்பட்டோ தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களின் குடும்பங்கள் இவ்வகையினவே. அடுத்த தலைமுறையில் ஒருவரேனும் நிலையான வேலைக்குச் செல்வதே இக்குடும்பங்களுக்கு உறுதியான தடுப்புச்சுவர். அதற்குரிய வழி உயர்கல்வி.

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் இப்பிரச்சினைக்குத் தனித்த வடிவம் உண்டு. அங்கே வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. தோட்ட வேலையில் இருக்கும் வரையில்தான் லயத்தில் இடம். ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். கணவன், மனைவி இருவரும் வேலை செய்யும் குடும்பத்தில் ஒருவர் ஓய்வு பெற்றாலும் மற்றவர் பெயரில் வீடு நிற்கும். தனித்தாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் ஓய்வு பெறும் காலமும் பிள்ளை கல்லூரியில் பயிலும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. வீட்டைக் காப்பாற்றப் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கச் செல்வதா, படிப்பைக் காப்பாற்ற வீட்டை இழப்பதா என்ற கேள்வி பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. இதனை ஆர்வக்குறைவு என்று சொல்வோர் லயத்தின் சட்டத்தை அறியாதவர்கள்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் போராடிப் பெற்ற உரிமைகளுள் ஒன்று. ஆயினும் கல்வி வசதி குறித்து அச்சட்டம் பேசியது 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளைப் பற்றி மட்டுமே. பன்னிரண்டு வயதுக்குப் பின் தொழிலாளியின் பிள்ளையும் தொழிலாளியே என்ற எண்ணம் அதன் உள்ளே உறைந்திருந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் போது நாள்கூலி 232 ரூபாய். பின்னர் அது 301 ரூபாயாயிற்று. கூலி உயர்வு இன்றியமையாதது. ஆனால் ஒரு கூலியை மட்டும் நம்பி விடுதிக் கட்டணமும் பேருந்துச் செலவும் புத்தகமும் தாங்க இயலாது என்பதைத் தாய்மார்களே நன்கறிவர்.

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் நிலைமை வேறு. முதலமடையின் மாந்தோப்புகளிலும் கொழிஞ்சாம்பாறையின் தென்னந்தோப்புகளிலும் வேலை பருவத்தைச் சார்ந்தது. வீடு பறிபோகும் அச்சம் இல்லாத இடத்திலும் வருமானத்திற்கு உறுதியில்லை. சித்தூர் அரசுக் கல்லூரி 1947 முதல் இயங்குகிறது. தமிழில் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. கல்லூரி அருகில் இருந்தும் எட்டாமல் போவதற்குக் காரணம் தூரம் அன்று. மகளின் கூலியை மூன்றாண்டுகள் இழக்க இயலாத வறுமையே. மூணாறிலோ, 2018 பெருமழையின் நிலச்சரிவில் அரசுக் கல்லூரியின் கட்டடமே சிதைந்தது.

தோழர்களே, உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. பெற்றோரில் ஒருவரையோ இருவரையோ இழந்த பிள்ளைகளுக்கு ‘சினேகபூர்வம்’ திட்டம் பட்டப்படிப்பில் மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. கல்வி நிறுவனத்தின் தலைவர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். கணவரை இழந்த பெண்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி பயில ‘படவுகள்’ திட்டம் உண்டு. கைவிடப்பட்ட பெண்ணிடம் இறப்புச் சான்றிதழ் இராது. அவருக்கு உரியது, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கான மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் கல்வி உதவி. எந்தத் தாய்க்கு எந்தத் திட்டம் என்று பிரித்தறியாமல் மனு எழுதினால் அது திரும்பி வரும், ஓராண்டு வீணாகும்.

ஆவணச் சிக்கல் மிகக் கொடியது. பட்டியல் சாதி மாணவர்கள் இ-கிராண்ட்ஸ் உதவி பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே முன்னோர் இம்மண்ணில் வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். கங்காணியுடன் மலையேறி வந்த பாட்டனாரிடம் பட்டா ஏது? பழைய தோட்டப் பதிவேடுகளே சான்று. தந்தைவழி ஆவணங்கள் கேட்கப்படும்போது, குடும்பத்தை விட்டுச் சென்றவரின் உறவினரிடம் தாய் கையேந்த நேர்கிறது. தாயின் பெயரை மட்டும் கொண்டு அடையாள ஆவணங்கள் பெறும் உரிமையைக் கேரள உயர்நீதிமன்றம் 2022 ஜூலையில் ஒரு வழக்கில் உறுதி செய்தது. கர்ணனின் அவமானத்தை அத்தீர்ப்பு நினைவூட்டியது. மேலும், 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை வழங்கியிருக்கிறது. பயன்படுத்தப்படாத உரிமை ஏட்டில் துருப்பிடிக்கும்.

எல்லையின் மறுபுறமும் ஒரு வெற்றிடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம், அம்மாநில அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்ற மாணவியருக்கு உரியது. கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டுப் பொள்ளாச்சியிலோ போடியிலோ கல்லூரியில் சேரும் பெண் இவ்வரையறைக்குள் வருவதில்லை.

இலங்கை மலையகத்தின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. 1970களில் தோட்டப் பள்ளிகள் அரசின் பொறுப்புக்கு வந்த பின்னர், லயங்களில் பிறந்தவர்களே ஆசிரியர்களாகும் வாய்ப்பு விரிந்தது. தோட்ட முதலாளியின் தயவாக இருந்த கல்வி அரசின் கடமையானபோதுதான் மாற்றம் நிகழ்ந்தது. தனிமனித வள்ளன்மை ஒரு மாணவியைக் கரையேற்றலாம். ஒரு வர்க்கத்தைக் கரையேற்றுவது உரிமையே.

எனவே கிளைகளின் முன் சில தெளிவான பணிகள் உள்ளன. தனித்தாய்க் குடும்பங்களில் பிளஸ் டூ படிப்போரின் பட்டியல், மே மாதத் தேர்வு முடிவுக்கு முன்பே ஆயத்தமாக வேண்டும். சான்றிதழ் வேலையை முடிவு வந்த பிறகு தொடங்கினால் சேர்க்கைக் காலம் கடந்துவிடும். மலையாளப் படிவத்தை நிரப்பத் தெரிந்த ஒருவர், தாயின் ஒருநாள் கூலி இழப்பாகாத நேரத்தில் அட்சயா மையத்திற்கு உடன் செல்ல வேண்டும். பிள்ளை பட்டம் பெறும் வரை ஓய்வு பெற்ற தனித்தாயை லயத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். வேலையோடு பிணைக்கப்படாத சொந்த வீடு, மாணவியர் விடுதி, தமிழ்ப் படிவங்கள், இரு மாநிலங்களுக்கிடையே உதவித்தொகை உடன்பாடு ஆகியவை அரசுகளிடம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்.

சேர்க்கையோடு பணி முடிந்துவிடுவதில்லை. முதல் பருவத்தில் ஊர் திரும்பிய மாணவி எதனால் திரும்பினார் என்று கேட்டறிந்து, அவர் மீண்டும் வகுப்பில் அமரும் வரை உடன் நிற்பதும் கிளையின் கடமையே.