பள்ளிக் கட்டடமும் ஊராட்சியின் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



மாட்டுக் கொட்டகை ஒன்று போட நினைக்கும் உழவர் முதலில் என்ன பார்க்கிறார்? காற்று எப்பக்கம் இருந்து வருகிறது, மாலை வெயில் எங்கே விழுகிறது, மழைநீர் எங்கே தேங்கும் என்பவற்றைப் பார்க்கிறார். பிறகே கால் நடுகிறார். வாயில்லாப் பிராணி புழுங்கித் தவிக்கலாகாது என்பதில் அவருக்கு அத்துணை அக்கறை. ஆனால் நம் பிள்ளைகள் நாள்தோறும் ஆறு மணி நேரம் அமர்ந்திருக்கும் பள்ளிக் கட்டடம் எழும்போது இக்கேள்விகளை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? "சர்க்கார் பணம் வந்தது, கட்டடம் வந்தது" என்ற அளவில் நின்றுவிடுகிறோம். அவ்வாறு நின்றுவிடலாகாது என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

பள்ளிக்குப் பணம் வரும் வழிகள் பல உள்ளன. ஆனால் அந்தப் பணம் குளிர்ச்சியும் காற்றும் வெளிச்சமும் உள்ள அறையாக அமையுமா, அல்லது சித்திரை வெயிலில் அடுப்பாகக் காயும் அறையாக அமையுமா என்பது மதிப்பீடு எழுதப்படும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த நாளில் ஊரார் விழிப்புடன் இருக்க வேண்டும்.

நாம் கடந்து வந்த பாதை

பள்ளியைத் தம் சொத்தாகக் கருதுவது தமிழ்நாட்டுக் கிராம மக்களுக்குப் புதிதன்று. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பல ஊர்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. இடம் கொடுத்தவர் உண்டு; கட்டடம் கட்டிக் கொடுத்தவர் உண்டு; பலகை, மணி, குடிநீர்ப் பானை கொடுத்தவரும் உண்டு. அரசு தன் பங்கைச் செய்தது. மக்கள் தம் பங்கைச் செய்தனர்.

பிற்காலத்தில் நாம் கற்ற பாடங்கள் சில மிகக் கொடியவை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். முதல் நிகழ்ச்சிக்குப் பின் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. இரண்டாவதற்குப் பின் பழுதுற்ற கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க அரசு ஆணையிட்டது.

தீயும் இடிபாடும் ஒரே நாளில் உயிரைக் குடிக்கின்றன. ஆதலின் நாடு முழுவதும் அறிகின்றது. வெப்பமும், புகையும், அடைபட்ட காற்றும், மங்கிய ஒளியும் அவ்வாறல்ல. அவை ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கேடு செய்கின்றன. பிற்பகலில் பிள்ளை தலைசாய்ந்து உறங்கினால் சோம்பேறி என்கிறோம். அறையின் கூரைமேல் கை வைத்துப் பார்த்தால் குற்றம் எங்கே உள்ளது என்பது விளங்கும்.

பணம் வரும் வழிகள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிகளின் கட்டடங்களைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பாகும். 2022-23ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவில் புதிய வகுப்பறைகளும் பிற வசதிகளும் அமைப்பது அதன் நோக்கம். ஊரக வளர்ச்சித் துறையின் வழியாகக் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்திலும் ஒன்றியப் பள்ளிகளில் வகுப்பறைகள் கட்டப்பட்டுள்ளன.

சிறு பழுதுகளுக்கு வேறு வழியும் உண்டு. 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிகளில் பள்ளி மானியம் என ஒன்று வகுக்கப்பட்டது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000 ரூபாய், 250 வரை 50,000 ரூபாய் என்பது அதன் அளவு. ஆயினும் 2024-25ஆம் ஆண்டில் இத்திட்டத்தின் மத்தியப் பங்கு தமிழ்நாட்டிற்கு நிறுத்தி வைக்கப்பட்டதையும் நாம் மறத்தலாகாது. ஒரே வாய்க்காலை நம்பிப் பயிர் செய்பவன் கோடையில் வருந்துவான். மற்றைய வழிகளையும் அறிந்து வைத்திருத்தல் வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி என வகுக்கப்பட்டுள்ளது. சட்டமன்ற உறுப்பினருக்கும் அத்தகைய நிதி உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் எஞ்சியதை அரசு அளிக்கும் முறை வகுக்கப்பட்டது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் பழைய மாணவர்களும் தொழில் நிறுவனங்களும் தாம் விரும்பும் அரசுப் பள்ளிக்கு உதவ வழி செய்தது. சுற்றுச்சூழல் துறையின் பசுமைப் பள்ளித் திட்டத்தில் முதற்கட்டமாக 25 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 20 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது.

வெயிலைத் தடுப்பது எப்படி?

ஒரே தளமுள்ள கட்டடத்தில் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. வெறும் சிமென்டுத் தளம் தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சி, பிற்பகலில் அறைக்குள் உமிழ்கிறது. வெண்ணிறப் பூச்சுப் பூசிய தளமோ வெயிலில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். இதனால் அறையின் வெப்பம் 2 முதல் 4 டிகிரி வரை குறையக் காணலாம். தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

நம் கொத்தனார்கள் அறிந்த பழைய முறையும் சிறந்ததே. செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புடன் கலந்து தளத்தின்மேல் பரப்பி, அதன்மேல் தட்டோடு பதித்தால் வெப்பமும் தடுக்கப்படும், மழைநீரும் கசியாது. அதன்மேல் வெண்பூச்சும் இடலாம். சுண்ணாம்புப் பூச்சு மலிவானது. ஆனால் மழையில் கரையும். ஆதலின் ஆண்டுதோறும் பங்குனிக்கு முன் புதுப்பிக்க வேண்டும்.

புதிய கட்டடமாயின் அதன் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கி அமைதல் நலம். உச்சி வெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு தடுத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் வெயிலை அது தடுக்காது. முன்னமே மேற்கு நோக்கிக் கட்டிய கட்டடத்திற்கு மேற்குப் புறத்தில் தாழ்வாரம் இறக்கலாம். வேர் கடைக்காலைத் தாக்காத தொலைவில் புங்கும் வேம்பும் நடலாம்.

காற்றும் ஒளியும்

முப்பது பிள்ளைகள் ஓர் அறையில் அமர்ந்தால், அவர்கள் உடற்சூடே ஏறக்குறைய 2,000 வாட் மின்அடுப்புக்கு நிகராகும். அவர்கள் வெளிவிடும் மூச்சும் அறையிலேயே தங்குகிறது. ஒரு பிள்ளையின் சளியும் இருமலும் மற்றவர்க்குப் பரவுவது இவ்வாறே. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால்தான் காற்று ஊடுருவிச் செல்லும். மேலே எழும் சூடான காற்று வெளியேறக் கூரையை ஒட்டிச் சிறு துளைகளும் வேண்டும்.

ஜன்னல்களின் மொத்தப் பரப்பு தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருத்தல் நலம். 20 அடிக்கு 20 அடி அறையின் பரப்பு 400 சதுர அடி. அதற்கு 80 சதுர அடி ஜன்னல் வேண்டும். அதாவது 5 அடி உயரமும் 4 அடி அகலமும் உள்ள ஜன்னல்கள் நான்கு. இவற்றைக் கட்டிவிட்டுப் பீரோவை முன்னே நிறுத்தி அடைத்துவிட்டால் பயன் என்ன? இது பணமின்றி இன்றே திருத்தக்கூடிய குறையாகும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளின் நுண்ணிய இழை மூச்சில் கலந்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் உண்டாகும் என உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. பள்ளியிலோ சமையற்கூடத்திலோ இத்தகடு இருந்தால் மாற்றக் கோருங்கள். அகற்றும்போது அதனை உடைத்தலும் அறுத்தலும் கூடா. நீரால் நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். அந்நாட்களில் பிள்ளைகள் அங்கே இருத்தலாகாது.

வண்ணப் பூச்சில் கலந்த ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என மத்திய அரசு 2016இல் விதி வகுத்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. பழைய பூச்சைச் சுரண்டும்போது எழும் தூளில் அதற்கு முந்திய ஈயம் இருக்கக்கூடும். விடுமுறையில் இப்பணியைச் செய்து, ஈரத் துணியால் துடைத்த பின்னரே அறையைத் திறக்க வேண்டும்.

சத்துணவும் காலை உணவும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நம் மாநிலத்தின் பெருமை. அந்தச் சமையலின் புகை வகுப்பறைக்குள் வரலாகாது. சமையற்கூடம் காற்று வீசும் திசைக்கு மறுபுறம், வகுப்பறைக்கு எட்ட இருத்தல் வேண்டும்.

மின்சாரக் கணக்கு

ஐந்து அறையுள்ள பள்ளியை எடுத்துக்கொள்வோம். அறைக்கு இரண்டு மின்விசிறி, இரண்டு குழல் விளக்கு. பழைய விசிறி 75 வாட் உண்ணும். சிக்கன விசிறிக்கு 30 வாட் போதும். பழைய குழல் விளக்கு சோக்குடன் 50 வாட், எல்.இ.டி. விளக்கு 20 வாட். பள்ளி முழுவதும் 1,250 வாட்டாக இருந்தது 500 வாட்டாகக் குறையும். நாளுக்கு 6 மணி, ஆண்டுக்கு 200 நாள் எனக் கொண்டால் 900 யூனிட் மிச்சம்.

மற்றொன்றும் கவனிக்க. நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத கூரை 100 சதுர அடி போதும். மாற்றத்திற்கு முன் இப்பள்ளிக்கு நாளொன்றுக்கு 7½ யூனிட் வேண்டும். இரண்டு கிலோவாட் தகடு தேவை. மாற்றத்திற்குப் பின் 3 யூனிட். ஒரு கிலோவாட்டே போதும். ஆகவே முதலில் கூரைக்கு வெண்பூச்சு, அடுத்து சிக்கன விசிறியும் விளக்கும், அதன் பின்னரே சூரியத் தகடு என்ற வரிசையைக் கொள்க. ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதால் பயனில்லை.

நீங்கள் செய்ய வேண்டுவது

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் பெற்றோர் முக்கால் பங்கினர். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுப்பது அக்குழுவின் சட்டப்படியான பணியாகும். அத்திட்டத்தில் எழுதப்படாத தேவை அரசின் கண்ணுக்குத் தோன்றாத தேவையே.

பங்குனி அல்லது சித்திரையில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் குழுவினரும் உறுப்பினரும் பள்ளிக்குச் செல்லுங்கள். பிள்ளைகள் அமரும் இடத்தில் அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். காணும் குறைகளை அறைவாரியாகக் குறித்து, குழுவில் தீர்மானம் செய்யுங்கள். பின்பு கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருப்பினும், தனி அலுவலர் இருப்பினும், கிராம சபையின் குரல் ஊராரின் குரலே.

பணம் ஒதுக்கப்பட்டபின் ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார். அப்பொழுதே அவரைச் சந்தியுங்கள். திசை, ஜன்னல் பரப்பு, தட்டோடு, வெண்பூச்சு, விசிறி, விளக்கு ஆகிய ஆறும் மதிப்பீட்டில் உள்ளனவா என்று கேளுங்கள். ஒப்புதல் கிடைத்து ஒப்பந்தப்புள்ளி முடிந்துவிட்டால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது அரிது. அன்று கேட்கத் தயங்கினால், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு நம் பிள்ளைகள் வெயிலில் வருந்த நேரிடும்.

கட்டி முடித்தபின் காப்பதும் நம் கடமையே. கூரையில் உதிர்ந்த இலையை அகற்றுவதும், நீர்த்தாரையை அடைபடாமல் பார்ப்பதும், சூரியத் தகட்டின் தூசியைத் துடைப்பதும் சிறு வேலைகள். அவற்றை இன்னார் செய்வது என்று குழுவின் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

பெருமக்களே! நாற்றங்கால் நன்றாயிருந்தால் நடவு நன்றாயிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. வரும் கிராம சபைக்கு முன் உங்கள் ஊர்ப் பள்ளியை ஒரு பிற்பகலில் சென்று பார்த்து வருமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.