வெட்டிய காயைத் திருப்பிக் கொடுத்தல்

சதுரங்கத்தில் எதிரியின் காயை வெட்டிப் பெறுவது எப்படி என்று கற்பிப்போர் பலர். பெற்றதை எப்பொழுது திருப்பிக் கொடுப்பது என்று சொல்லுவோர் சிலரே. கொல்கத்தாவிலும் மும்பையிலும் தில்லியிலும் மாலை வேளையில் பலகையை விரித்து அமரும் நம்மவரிடையே ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு காலாளை மிகுதியாகப் பெற்றவர் அதை இறுகப் பற்றிக்கொள்வார். மற்றக் காய்கள் மூலையில் அடைபட்டுக் கிடக்கும். இருபதாம் நகர்த்தலுக்குள் அரசன் சிக்கிக்கொள்வான். அந்தக் காலாள் மட்டும் பத்திரமாகத் தன் கட்டத்திலேயே நிற்கும்.

மேலே செல்லுமுன் பெயர்களைப் பற்றி ஒரு சொல். தமிழில் யானை என்று நாம் சொல்லும் மூலைக்காய் இந்தி பேசுவோர்க்கும் யானையே. ஆனால் நம்முடைய மந்திரி அவர்களுக்கு ஒட்டகம். வங்காளியோடு ஆடினால் குழப்பம் இன்னும் மிகும். அங்கே மூலையில் இருப்பது படகு. மந்திரி இருக்குமிடத்தில் நிற்பதே யானை. ‘யானையைக் கொடுத்தேன்’ என்று இருவர் சொன்னால் இருவரும் கொடுத்தது ஒரே காய் என்று கொள்ளலாகாது. இப்பேச்சில் நாம் தமிழ் வழக்கையே கையாளுகிறோம்.

காலாளுக்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மதிப்பிடுவது வழக்கம். பயனுள்ள கணக்குத்தான். எனினும் அது காய்களின் தொகையைச் சொல்லுமே தவிர, அவை எங்கே நிற்கின்றன என்பதைச் சொல்லாது. ஒரு காலாளை வெட்டிவர நாம் இரண்டு மூன்று நகர்த்தல்களைச் செலவிடுகிறோம். அந்நேரத்தில் எதிரி தன் காய்களை வெளியே கொணர்ந்துவிடுகிறான். ஆகவே நம் கையில் ஒரு காலாள் மிகுதி. அவன் கையில் காலம் மிகுதி. காலம் கரைந்துபோகும், காலாள் நிலைத்திருக்கும் என்று நம்பிப் பொறுத்திருப்பது சில வேளை சரியே. பொறுக்க இயலாதபோதுதான் இக்கேள்வி எழுகிறது.

தொடக்க ஆட்டத்தில் இதற்குச் சிறந்த சான்று எவான்ஸ் காம்பிட். வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர் வில்லியம் டேவிஸ் எவான்ஸ் பெயரால் வழங்குவது அது. வெள்ளை நான்காம் நகர்த்தலிலேயே ஒரு காலாளை ஈந்து, மையத்தைப் பிடித்து, கறுப்பு அரசன்மீது பாய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனால் வீழ்ந்தவர் பலர். 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக விளங்கிய இமானுவேல் லாஸ்கர் காட்டிய வழி எளியது. கறுப்பு மந்திரியை அமைதியாகப் பின்வாங்கச் செய்து, ‘காலாள் வேண்டுமாயின் எடுத்துக்கொள்’ என்று விட்டுவிடுவதே அது. வெள்ளை எடுத்துக்கொண்டால் ராணிகள் இரண்டும் பலகையை விட்டு நீங்கும், தாக்குதல் அடங்கும், வெள்ளையின் இடப்புறக் காலாட்கள் ஒன்றையொன்று தாங்காமல் பிரிந்து நிற்கும். காய்க்கணக்கு சமமாகும், ஆயினும் ஆட்டம் கறுப்புக்கே இனிதாகும். இத்தற்காப்பு பரவியபின் பெரிய போட்டிகளில் எவான்ஸ் காம்பிட் அருகிவிட்டது. 1995-இல் ரீகா நகரில் காஸ்பரோவ் அதனை மீண்டும் எடுத்து ஆடியபோது, எதிரே அமர்ந்திருந்த நம் விசுவநாதன் ஆனந்த் லாஸ்கரின் வழியை விட்டு வேறொரு வழியில் சென்றார். 25 நகர்த்தலில் ஆட்டம் காஸ்பரோவுக்குப் போயிற்று.

நடு ஆட்டத்தில் விஷயம் இத்துணைத் தெளிவாக இராது. 1953-இல் சூரிச்சில் நடந்த போட்டியாளர் தேர்வுப் பந்தயத்தில் அமெரிக்கரான ரெஷெவ்ஸ்கி வெள்ளைக் காய்களோடும், பின்னாளில் உலக சாம்பியனான பெட்ரோசியான் கறுப்புக் காய்களோடும் ஆடிய ஆட்டம் புகழ்பெற்றது. வெள்ளையின் மையக் காலாட்கள் இரண்டு முன்னேறி அச்சுறுத்தி நின்றன. 25-ஆம் நகர்த்தலில் பெட்ரோசியான் தம் யானையை, வெள்ளை மந்திரி வெட்டக்கூடிய கட்டத்தில் தாமே கொண்டுபோய் நிறுத்தினார். யானை விலகிய கட்டத்தின் வழியாகக் குதிரையை ராணி நிரலின் ஐந்தாம் கட்டத்துக்குக் கொணர்வது அவர் நோக்கம். அக்குதிரையை விரட்ட வெள்ளையிடம் காலாள் இல்லை. வெட்டக்கூடிய வெண்கட்ட மந்திரியோ யானையை வெட்டியதில் தீர்ந்துவிடும்.

இந்தத் தியாகத்தையே எல்லோரும் புகழ்வர். நமக்கோ ரெஷெவ்ஸ்கியின் மறுமொழிதான் பெரிதாகத் தோன்றுகிறது. 27-ஆம் நகர்த்தலில் அவர் யானையை வெட்டினார். கணக்கில் இரண்டு புள்ளி மேலே நின்றார். ஆனால் அவருடைய யானைகளுக்குத் திறந்த வழி இல்லை. கறுப்பின் குதிரையும் மந்திரியும் வெள்ளையின் பாதிப் பலகையை ஆண்டன. 30-ஆம் நகர்த்தலில், தம் எல்லைக்குள் வந்து அமர்ந்த அம்மந்திரியைத் தம் யானையால் வெட்டி, யானையை இழந்து, ஈடாக ஒரு காலாளையும் பெற்றார். மிகுதி ஒரே காலாளாகச் சுருங்கியது. எதிரியின் வலிய காய் ஒன்றும் ஒழிந்தது. 41-ஆம் நகர்த்தலில் ஆட்டம் சமனாயிற்று. வெற்றி கிட்டவில்லையே என்று கேட்கலாம். யானை மிகுதியைக் கட்டிக்காத்திருந்தால் வெற்றியைவிடத் தோல்வியே அவருக்கு அருகில் இருந்திருக்கும் என்பது எம் எண்ணம்.

இங்கே கவனிக்க வேண்டியது அவர் கொடுத்த வேளை. கறுப்பின் சிறந்த காய் வெட்டத்தக்க இடத்துக்கு வந்தபோது கொடுத்தார். விலையாக அதையே பெற்றார். வேறு வழியின்றி, அரசன் முற்றுகையில் இருக்கும்போது கொடுப்பவருக்கு விலை பேச இடமில்லை. மறுபுறம், தாக்குதல் வரும் என்ற அச்சத்தாலேயே பத்தாம் நகர்த்தலில் கொடுத்துவிடுவோரும் உளர். அத்தாக்குதலை நான்கு நகர்த்தலில் தடுத்துவிடலாம் என்று எண்ணிப் பார்த்திருந்தால் அந்தக் காலாளோடேயே இறுதி ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஏனெனில் இவர்கள் தோற்பதில்லை. வெல்ல வேண்டியதைச் சமன் செய்கிறார்கள்.

இறுதி ஆட்டத்தில் இவ்வேளையை விரல்விட்டே எண்ணிவிடலாம். கறுப்பு அரசன் வலப்புற மந்திரி நிரலின் ஐந்தாம் கட்டத்தில். கறுப்பு மந்திரி அவன் காவலில், ராஜா நிரலின் நான்காம் கட்டத்தில். வெள்ளைக்கு ராஜா நிரலின் முதல் கட்டத்தில் ஒரு யானையும், இடப்புற ஓர நிரலில் ஒரு காலாளும் உண்டு. வெள்ளை அரசன் வலப்புறத்தில், மந்திரியின் பார்வைக்கு வெளியே, தொலைவாக இருக்கிறான். காலாள் முடிசூட வேண்டிய கட்டத்தை அம்மந்திரி குறுக்கே நோக்கிக் காக்கிறது. காலாள் ஐந்தாம் கட்டத்தில் இருக்குமானால், யானையால் மந்திரியை வெட்டிவிடலாம். அரசன் யானையை வெட்டுவான், காலாள் ஓடத் தொடங்கும், மூன்றே அடி, அரசன் எட்டமாட்டான். அதே காலாள் நான்காம் கட்டத்தில் இருக்கும்போது வெட்டினால், அரசன் சரியாக ஓரடி முன்னதாக வந்து அதைப் பிடித்துவிடுவான், ஆட்டம் சமன். முதலில் காலாளைத் தள்ளிவிட்டு, மந்திரி விலகாமல் அங்கேயே நின்றால் அதன்பின் வெட்டுவதே முறை.

ஐந்து காய்கள்தாம். அடுத்த அறையில் இருப்பவரை அழைத்து இவற்றைப் பலகையில் வைத்து, இரு வகையிலும் ஆடிப் பாருங்கள். பிறகு வெள்ளை அரசனை இடப்புறக் குதிரை நிரலின் ஆறாம் கட்டத்துக்கு மாற்றி வையுங்கள். அப்பொழுது காலாள் நான்காம் கட்டத்தில் இருந்தாலும் யானையைக் கொடுக்கலாம் என்பது தெரியவரும்.