புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்

இன்று இறையியல் பட்டம் பெறும் தம்பி தங்கையரே,

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறோம்” என்பது நம் வீடுகளில் பழகிப்போன பதில். பிரசங்க பீடத்தில் நீங்கள் அதிகம் சொல்லப்போகிற சொல்லும் அந்தக் ‘கிருபை’தான். பழகிப்போனது என்பதே எனக்குக் கவலை. வேதத்தின் உவமையில், விடியலில் வந்தவனுக்கும் கடைசி ஒருமணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சத்தோட்டக்காரரை நீங்கள் அறிவீர்கள். கிருபை இலவசம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. உள்ளே வந்த கிருபை நம்மை என்ன செய்கிறது என்று கேட்கத்தான் தயங்குகிறோம்.

அதனால்தான் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிருபைப் பாடலை எழுதிய ஜான் நியூட்டனின் சாட்சியைச் சொல்லும்போதும் ஒரு பகுதியை விட்டுவிடுகிறோம். 1748 மார்ச்சில், அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கிய கப்பலில் அவர் ஆண்டவரைக் கூப்பிட்டார், பிழைத்தார், மனந்திரும்பினார். நாம் இங்கே நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானது இதற்குப் பிறகுதான். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். மேலே அவர் வேதம் வாசித்து ஜெபித்தார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் விலங்கோடு கிடந்தார்கள். அவர் கடலை விட்டதும் உடல்நலம் கெட்டதால்தான், மனச்சாட்சி குத்தியதால் அல்ல. 1764இல் ஓல்னி என்ற ஊரில் ஆயரானார். உலகமே பாடுகிற ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதினார். அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் நூல் வெளியிட்டது 1788இல். தானும் அந்தக் கொடுமையைச் செய்தவன் என்று அதில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பிறகு நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடைசெய்த 1807ஆம் ஆண்டின் டிசம்பரில் கண்மூடினார்.

புயலுக்கும் அந்த நூலுக்கும் நடுவே நாற்பது ஆண்டுகள். அவர் பெற்ற கிருபை பொய் என்று நான் சொல்லமாட்டேன். தன் பாவம் முழுவதையும் காணும்வரை கிருபை அவரை விடவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் அந்த ஆண்டுகளில் விலங்கோடு கிடந்தவர்களுக்கு அது மிகவும் தாமதம். அதை மறந்து அந்தப் பாடலைப் பாட என்னால் முடிவதில்லை.

நம் கண்ணுக்கு இன்னும் தெரியாத கீழ்த்தளம் எது? ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்துவிட்டு, திருமணப் பேச்சு வந்ததும் சாதி கேட்கிறோம். செத்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்துப் புதைக்கிற சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சபைகளிலும் ஞாயிறுதோறும் கிருபையைப் பாடுகிறார்கள்.

தம்பி தங்கையரே, உங்களை அனுப்பும் சேகரத்தில் முதல் பிரசங்கம் தயாரிக்கும் முன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். நடுவில் சுவர் இருந்தால், உங்கள் ஊழியத்தை அங்கே தொடங்குங்கள்.