நாலு வேலை, ஒரே கணக்கு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



வருமான வரின்னு தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில பெரியம்மா ஒருத்தங்க சிரிச்சாங்க. "நமக்கு ஏதும்மா வருமானம், அதுக்கு வரி வேற!"ன்னு சொன்னாங்க. போன வருஷம் வரைக்கும் நானும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்படிச் சொல்லியே 15,600 ரூபாயை விட்டுவிடப் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நம்ம ஊர்ப் பெண்களில் ஒரே வேலை செய்கிறவர்கள் குறைவு. காலையில் தறிக்குத் தார் சுற்றுவோம், மதியம் கணக்கு எழுதுவோம், சாயங்காலம் சீட்டு, இன்சூரன்ஸ், புடவை வியாபாரம். எனக்கு நாலு வேலை. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நான் வாங்கியது இது: தார் சுற்றியதில் கூலி 26,000. குழுக்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்ததில் மதிப்பூதியம் 12,000. ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தில் முகவர் கமிஷன் 42,000. பட்டுக்கடை ஒன்றுக்குப் போனிலேயே ஆர்டர் பிடித்துக் கொடுத்ததில் கமிஷன் 36,000. மொத்தம் 1,16,000 ரூபாய்.

இதில் தார்க் கூலியும் மதிப்பூதியமும் முழுசாகக் கைக்கு வந்தன. கமிஷன் இரண்டிலும் நூற்றுக்கு 20 பிடித்துவிட்டார்கள். ஒரு இடத்தில் 8,400, இன்னொரு இடத்தில் 7,200. "ஏன் சார் இவ்வளவு?"ன்னு கேட்டேன். "டிடிஎஸ்மா, கவர்ன்மென்ட்டுக்குப் போயிடுச்சு"ன்னு பதில். போனது போனதுதான்னு நானும் விட்டுட்டேன்.

பிறகு எங்க குழுக் கணக்கைத் தணிக்கை செய்ய வந்த அம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவங்கதான் விளக்கினாங்க. டிடிஎஸ் என்றால் பணம் கொடுக்கிறவரே முன்கூட்டிப் பிடித்து, நம்ம பான் நம்பரில் கட்டிவிடுகிற வரி. அது முன்பணம் மாதிரி. நமக்கு உண்மையில் எவ்வளவு வரி என்பது வருஷக் கடைசியில், எல்லா வருமானத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் தெரியும். பிடித்தது கூடுதலாக இருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். குறைவாக இருந்தால் மீதியை நாம் கட்ட வேண்டும்.

நம்ம கோர்வைப் புடவையை நினைச்சுப் பாருங்க. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூணு நாடா ஓடும். ஆனா தறியிலிருந்து இறங்குறது ஒரே புடவை. நம்ம வருமானமும் அப்படித்தான். வேலைக்கு வேலை தனி வரி கிடையாது. நாலு வேலைக்கும் சேர்த்து ஒரே கணக்கு. இன்சூரன்ஸ்காரருக்குப் பட்டுக்கடைக் கமிஷன் தெரியாது, கடைக்காரருக்குத் தார்க் கூலி தெரியாது. நாலையும் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நாமதான்.

அந்த வருஷத்துக்குப் புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரியே இல்லை. என் வருமானம் 1,16,000. ஆக நான் கட்ட வேண்டியது பூஜ்யம். பிடித்தது 15,600.

ஏன் 20 சதவீதம் பிடித்தார்கள்? தப்பு என் பேரில்தான். என் பான் கார்டை ஆதாரோடு இணைக்கவில்லை. அப்படி இணைக்காத கார்டுகள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்துவிட்டன. செயலிழந்த பான், பான் இல்லாததற்குச் சமம். அதனால்தான் 20 சதவீதம். இணைத்திருந்தால் 5 சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் போயிருக்கும். 2025 ஏப்ரலிலிருந்து இந்த இரண்டு கமிஷனுக்கும் ஒரு இடத்தில் வருஷத்துக்கு 20,000 தாண்டினால்தான் பிடிப்பார்கள், அதுவும் 2 சதவீதம்தான்.

சரி, தாக்கல் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றால், வீட்டில் பயந்தாங்க. "வருமான வரி ஆபீசுல பேரு ஏறிட்டா உரிமைத் தொகை 1,000 நின்னுடும்"னு மாமியார் சொன்னாங்க. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று நம்ம காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. மாசம் 1,000 ரூபாய் நமக்கு எவ்வளவு பெரிசுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த விதி விலக்கி வைத்தது ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் சம்பாதித்து வருமான வரி கட்டுகிறவர்களை. எனக்கு வரியே இல்லை, பிடித்ததைத் திருப்பித்தான் கேட்கிறேன். அதோடு, 15,600 பிடித்தது ஏற்கெனவே என் பான் நம்பரில் பதிவாகித்தான் இருக்கிறது. சும்மா இருந்தால் அது மறையாது. பணம் மட்டும்தான் போகும். இதை மாமியாருக்கு எடுத்துச் சொன்னேன். "அப்போ போய்க் கேளு"ன்னுட்டாங்க.

2025 ஜூனில் 1,000 ரூபாய் கட்டணம் கட்டி ஆதாரை இணைத்தேன். இரண்டு இடத்திலும் 16ஏ சான்று கேட்டு வாங்கினேன். வருமான வரி இணையதளத்தில் நம்ம பேரில் 26ஏஎஸ் என்று ஒரு பட்டியல் இருந்தது. யார் எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்று அதில் பார்க்க முடிந்தது. 8,400, 7,200 இரண்டும் இருந்தன. கமிஷன் வருமானத்துக்குச் சம்பளக்காரர்களின் சின்னப் படிவம் பொருந்தாது என்பதால் ஆடிட்டர் ஒருவருக்கு 1,000 கொடுத்து ஆகஸ்டில் தாக்கல் செய்தேன். பிடிக்காத தார்க் கூலியையும் மதிப்பூதியத்தையும் மறைக்காமல் சேர்த்தோம். செப்டம்பரில் பணம் முழுசாக என் வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்த மாசமும் 1,000 ரூபாய் நிற்கவில்லை.

சகோதரிகளே, இதே கணக்கு எதிர்ப்பக்கமும் போகும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்கிறேன். 2025-26-இல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது, சம்பளக்காரருக்கு 75,000 கழிவும் உண்டு. ஒரு பிள்ளை பகலில் ஓர் இடத்தில் 9 லட்சம், மாலையில் வீட்டிலிருந்தே இன்னோர் இடத்தில் 5 லட்சம் சம்பளம் வாங்குகிறது என்று வையுங்கள். இரண்டு முதலாளியும் தனித்தனியாகப் பார்த்து, வரியே இல்லை என்று எதுவும் பிடிக்க மாட்டார்கள். சேர்த்தால் 14 லட்சம். 75,000 கழிவு இரண்டு தடவை கிடையாது, ஒரே தடவைதான். மீதி 13,25,000-க்கு வரி 81,900 ரூபாய். கடைசியில் மொத்தமாகக் கேட்பார்கள், வட்டியும் சேரும். ஒரு முதலாளியிடம் இன்னொரு சம்பளத்தை முன்பே சொல்லிவிட்டால் மாசாமாசம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்.

குழுவில் வாங்குகிற கடன் வருமானமா என்று சிலர் கேட்டீர்கள். கடன் வருமானம் ஆகாது. அந்தக் கடனில் மாடு வாங்கிப் பால் விற்றால், செலவு போக நிற்கிற லாபம் வருமானம்.

கடைசியாக நாலு விஷயம். ஆதாரையும் பானையும் இணைச்சாச்சான்னு இன்னிக்கே பாருங்க. ஒரு நோட்டில் ஏப்ரல் முதல் மார்ச் வரை எந்த வேலையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதுங்க. தாக்கலுக்குக் கடைசித் தேதியை முன்கூட்டியே கேட்டு வைங்க. தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமதமாகப் போடலாம், அதையும் விட்டால் பணம் திரும்ப வாங்குவது ரொம்பக் கஷ்டம். உங்களுக்கு வரிப்பணம் வருதுன்னு போனில் லிங்க் வந்தால் தொடாதீங்க, ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க.

நம்ம குழுவில் 10 ரூபாய் சந்தாவுக்கும் ரசீது கேட்கிறோம், தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். நம்ம சொந்த உழைப்புக்கும் அந்த மாதிரி ஒரு நோட்டு வைப்போம். உள்ளே எழுத முதல் வரி தெரியலைன்னா எங்க வீட்டுக்கு வாங்க, சேர்ந்து எழுதலாம்.