தோற்பவர் இல்லாத ஆட்டம்



தாயம் ஆடுகிறவன் தன் காயைப் பழமாக்க முனையும்போதே அடுத்தவன் காயை வெட்டவும் வழி பார்க்கிறான். வெட்டுதல் இல்லாவிடின் ஆட்டத்திற் சுவை ஏது என்பர். அமெரிக்க அறிஞர் பக்மின்ஸ்டர் புல்லர் (1895–1983) வேறுவிதமாக எண்ணினார். படைத்தலைவர்கள் வரைபடத்தின்மீது காய் நகர்த்திப் போரை ஒத்திகை பார்க்கிறார்கள். அதே முறையில் வாழ்வை ஒத்திகை பார்த்தல் ஆகாதா? இக்கேள்வியிற் பிறந்ததே அவருடைய 'உலக விளையாட்டு'.

அவர் வரைந்த உலகப் படமே ஆடுபலகை. உருண்டையை முக்கோணத் துண்டுகளாக விரித்த அப்படத்தில், கண்டங்கள் யாவும் ஒரே கடலிடையே ஏறக்குறைய ஒரே தீவாகத் தோன்றும். தாயக்கட்டை கிடையாது. உணவு, எரிபொருள், உலோகம் எங்கே மிகுதி, எங்கே குறைவு என்னும் கணக்குகளே காய்கள். ஒருவரையும் வறியவராக்காமல், இயற்கையையும் கெடுக்காமல், யாவரையும் வாழவைப்பதே பழம். 1967 இல் மொன்றியலில் நடந்த பொருட்காட்சியின் அமெரிக்க மண்டபத்தில் இதனை அமைக்க அவர் விரும்பினார். அவருடைய கோள மண்டபத்தை ஏற்றவர்கள் ஆட்டத்தை ஏற்கவில்லை. கட்டடம் கண்ணுக்குத் தெரியுமல்லவா! 1969 இல் நியூயோர்க்கில் மாணவர் சிலர் ஆடிப் பார்த்தனர். உலகெங்கும் ஒரே மின்வலை பின்னுவதே தலையாய நகர்வு என்பது புல்லரின் முடிபு. ஓரிடம் உறங்கும்போது அதன் மின்சாரம் பகல் காணும் இடத்துக்குச் செல்லலாமன்றோ?

மின்சாரத்தின் அருமையை நெடுந்தீவாரும் நயினாதீவாரும் அனலைதீவாரும் நன்கறிவர். நாட்டின் பெருமின்வலை எட்டாத அத்தீவுகளுக்கு நெடுங்காலம் டீசல் இயந்திரங்களே ஒளி தந்தன. ஒரு பீடத்துக்காக நாகநாட்டு அரசர் இருவர் பொருததையும், புத்தர் அப்போரைத் தணித்ததையும் மணிமேகலை கூறும். அது நிகழ்ந்த மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர். அப்பழங்கதை நம் காலத்தில் வேறு உருவில் மீண்டது.

மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்கும் பணி 2021 இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. தன் கரைக்கு இத்தனை அருகிலா என இந்தியா கவலை கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணங்காட்டிச் சீனத் தூதரகம் பணி நிறுத்தத்தை அறிவித்தது. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையோடு புதிய ஒப்பந்தம் எழுந்தது. சூரிய ஒளியால் 1,700 கிலோவாற், காற்றால் 530 கிலோவாற், உடன் சேமிப்பு மின்கலங்கள் என்பது திட்டம்.

இரு பெருநாடுகளும் காய் வெட்டிக்கொண்டிருந்த அவ்வாண்டுகளிலும் சோளகக் காற்று தவறாது வீசிற்று. டீசலும் தவறாது படகேறி வந்தது.