108-இல் பேசுகிறவர்

கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் ஒருவனைப் பாம்பு கடித்தால் மந்திரவாதியைத் தேடுவதா, 108-ஐக் கூப்பிடுவதா? 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் நம்மோடு பேசுகிறவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். நம் பள்ளத்தாக்கை அவர் கண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால், “எந்தப் புதுப்பட்டி? பக்கத்தில் என்ன அடையாளம்? மூச்சு இருக்கிறதா?” என்று வரிசையாய்க் கேட்கவும், அழுகிறவரை நிதானப்படுத்தவும், “கடிவாயைக் கீறாதீர், அசையாமல் படுக்க வையுங்கள்” என்று சொல்லவும் பழகியிருக்க வேண்டும். என்ன ஜாதி என்று அவர் கேட்பதில்லை, ராகுகாலம் பார்ப்பதுமில்லை. இது பிறவியில் வந்த ஞானமா? யோசித்துப் பாருங்கள்! பயிற்சியால் வந்த அறிவேயாகும். ஆகவே, படிக்க வைத்த பெண்ணைத் தேனியில் வீட்டோடு நிறுத்தியிருக்கும் பெற்றோர்களே, இந்தப் பயிற்சிக்கு அவளை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.