கடப்பிதழுக்கு முன்னால் ஒரு காகிதம்

கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அந்த வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனை அறுத்தும் மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்துவிட்டன. ஆனாலும் சிலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை.

லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளையைப் பதிய, ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணம் போக வேண்டும். அந்த ஒருநாள் தள்ளிப்போனால் வருடங்கள் ஓடிவிடும்.

இன்னொரு சிக்கல் தாலி கட்டிய இடத்திலேயே தொடங்குகிறது. கோயிலில் கல்யாணம், ஊர்கூடி விருந்து, ஆனால் பதிவு மட்டும் இல்லை. 1982 மார்ச் 1 முதல் திருமணப் பதிவு கட்டாயம். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையே அடிப்படை. தாய் குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இல்லாதவர் என்றால், தகப்பன் குடிமகனாக இருந்தும் பிள்ளையின் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா', குடிமகன் அல்ல, என்று அச்சாகிவிடும்.

பன்னிரண்டு வயதில் வகுப்புத் தோழர்கள் மைகார்டு அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் பிள்ளைக்கே அது தெரியவருகிறது. எத்தனை கொடுமை! குடிமக்களுக்கான நீல அட்டை இல்லையென்றால் குடிநுழைவுத் துறை கடப்பிதழ் தராது.

இவர்களுக்காகவே 2011 பிப்ரவரியில் அரசு 'மைடாஃப்தார்' பதிவு இயக்கத்தை நடத்தியது. இன்றும் வழி உண்டு. தாமதப் பதிவுக்குத் தோட்டத்து மருத்துவமனைக் குறிப்பு, பள்ளிப் பதிவு, பிறப்பை அறிந்த சாட்சி எல்லாம் கைகொடுக்கும். வயது வரம்புக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளை அந்த வயது வரம்பை நெருங்குகிறதா? இந்த வாரமே தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்வாருங்கள்.